எழுத்தெண்ணிப் படித்தவர்கள்

1913-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், அக்காலத்து ரஷ்யப் பஞ்சாங்கப்படி 23-ஆம் தேதியன்று, ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து ஏகாதிபத்திய விஞ்ஞான அகாதமியில் ஆந்திரேய் மார்க்கோவ் என்ற கணித மேதை ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். அவர் எடுத்துக்கொண்ட நூல், ரஷ்ய மக்கள் தங்கள் மொழியின் சிகரமாகப் போற்றும் புஷ்கினுடைய 'எவ்கேனி ஒனேகின்' என்ற காவியம். அதன் முதல் அத்தியாயத்தையும் இரண்டாம் அத்தியாயத்தின் 16 பாடல்களையும் எடுத்து, சொற்களுக்கு இடையிலுள்ள வெளிகளையும் நிறுத்தற்குறிகளையும் தமக்கென ஒலியில்லாத இரண்டு எழுத்துக்களையும் நீக்கி, எஞ்சிய 20,000 எழுத்துக்களைப் பத்துக்குப் பத்தாகச் சதுரக் கட்டங்களில் அமைத்து, அவற்றில் உயிர் எத்தனை, மெய் எத்தனை, உயிரை அடுத்து உயிர் வருவது எத்தனை முறை என்று கையாலேயே எண்ணிக் கணக்கெடுத்திருந்தார் அவர். மனித மொழியை எண்களாலான ஒரு மாதிரியில் நிறுத்திப் பார்க்கும் ஆராய்ச்சிக்கு இந்தச் சொற்பொழிவையே தொடக்கமாகக் கொள்வது பொருந்தும்.

கணக்கின் முடிவு இதுதான்: உயிரெழுத்துக்கள் 8,638, மெய்யெழுத்துக்கள் 11,362. எழுத்துக்கள் ஒன்றோடொன்று சம்பந்தமின்றி வந்து விழுவதாக இருந்தால், உயிரை அடுத்து உயிர் வரும் இடங்கள் சுமார் 3,700 இருக்கவேண்டும். உண்மையில் இருந்தவையோ 1,104 மட்டுமே. உயிருக்குப் பின் மற்றோர் உயிர் வருவது நூற்றுக்குப் பதின்மூன்று தடவை; மெய்க்குப் பின் உயிர் வருவதோ நூற்றுக்கு அறுபத்தாறு தடவை. ஆகவே ஓர் எழுத்து தனக்கு முன் நின்ற எழுத்தைச் சார்ந்தே பிறக்கிறது என்பதும், அந்தச் சார்பை இத்தனை என்று எண்ணால் அளந்து சொல்லிவிடலாம் என்பதும் ஐயத்துக்கு இடமின்றி வெளிப்பட்டன. பின்னர் அக்சாகோவ் என்ற ஆசிரியரின் உரைநடை நூல் ஒன்றிலிருந்து 1,00,000 எழுத்துக்களை எடுத்து, இதே காரியத்தை அவர் மறுபடியும் செய்தார்.

இத்தனை பாடு எதற்காக என்று கேட்டால், அதற்கு விடை மொழி நூலில் இல்லை. வேதாந்த விசாரத்தில் இருக்கிறது. பாவெல் நெக்ராசோவ் என்ற மாஸ்கோ கணித அறிஞர், சம்பவங்கள் ஒன்றையொன்று சாராமல் சுதந்திரமாக நிகழும்போதுதான் அவற்றின் சராசரி நிலைபெறும் என்றும், விவாகம், குற்றம் முதலிய மனித காரியங்களின் சராசரி ஆண்டுதோறும் நிலைபெற்று நிற்பதால் அவை சுதந்திரமானவையே என்றும், ஆதலால் மனிதனுக்குச் சுயேச்சை உண்டென்பது கணிதத்தாலேயே நிரூபணமாகிறது என்றும் வாதித்து வந்தார். மதபீடத்தின் அதிகாரத்தைச் சிறிதும் பொறுக்காதவரும், டால்ஸ்டாயை விலக்கிவைத்தது போலவே தம்மையும் திருச்சபையிலிருந்து விலக்கிவிடுமாறு 1912-இல் தாமே விண்ணப்பம் எழுதி அனுப்பியவருமான மார்க்கோவுக்கு இந்த வாதம் அடியோடு சம்மதமில்லை. ஒன்றையொன்று சார்ந்து வரும் நிகழ்ச்சிகளிலும் சராசரி நிலைபெறக்கூடும் என்று 1906-இலேயே கணித முறையில் காட்டியிருந்த அவர், அதற்குக் கண்கூடான உதாரணம் ஒன்றைத் தேடியபோதுதான் புஷ்கினை நாடினார். இவ்வாறு, மொழியைப் பற்றியோ மனத்தைப் பற்றியோ ஒரு சித்தாந்தமும் கூற விரும்பாத ஒருவரிடமிருந்து, பிற்காலத்தார் மொழிக்கும் மனத்துக்கும் பொருத்திப் பார்த்த முதல் மாதிரி கிடைத்தது. அதற்கு மார்க்கோவ் சங்கிலி என்று பெயர் நிலைத்தது.

அந்தச் சங்கிலியை மனித மனத்தின் வாசலுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய கிளாட் ஷானன். தந்தியிலும் தொலைபேசியிலும் செய்தி செல்லும் முறையை ஆராய்ந்து 1948-இல் அவர் வெளியிட்ட பிரசித்தி பெற்ற கட்டுரையில், எழுத்துக்களின் அடுத்தடுத்த வருகையை மட்டும் கொண்டு ஆங்கிலத்தைப் போன்ற ஒன்றை உண்டாக்கிக் காட்டினார். அதற்கு அவர் கையாண்ட உபாயம் மிகவும் எளியது. ஒரு புத்தகத்தைக் கண்டபடி பிரித்து ஓர் எழுத்தைக் குறித்துக்கொள்வது. வேறொரு பக்கத்தைப் பிரித்து, அதே எழுத்து வரும்வரை படித்துச் சென்று, அதை அடுத்து நிற்கும் எழுத்தைக் குறித்துக்கொள்வது. பிறகு அந்த எழுத்தைத் தேடி இன்னொரு பக்கம். முன்னால் நிற்கும் இரண்டெழுத்துக்களைப் பார்த்து அடுத்ததைத் தேர்ந்தபோது, பொருளற்றவையாயினும் ஆங்கிலமென்றே நாவில் உருளும் சொற்கள் பிறந்தன. எழுத்துக்குப் பதிலாகச் சொற்களையே இவ்வாறு கோத்தபோது, நான்கைந்து சொற்கள் வரையில் அர்த்தமுள்ளவை போலத் தோன்றி, அதன்பின் வழிதவறிப் போகும் வாக்கியங்கள் பிறந்தன.

1951-இல் வெளிவந்த அவருடைய அடுத்த ஆராய்ச்சி இதனினும் முக்கியமானது. ஏனெனில் அதில் பரிசோதனைக்கு உள்ளானது புத்தகமன்று, மனிதன். துப்பறியும் கதையொன்றை அலமாரியிலிருந்து எடுத்து, ஏதோ ஒரு பகுதியில் விரலை வைத்து, அங்குள்ள வாக்கியத்தைத் தம் மனைவி பெட்டியிடம் காட்டாமல், முதல் எழுத்து எது, அடுத்தது எது என்று ஒவ்வொன்றாக ஊகிக்கச் சொன்னார் ஷானன். தவறினால் சரியான எழுத்தைச் சொல்லிவிட்டு அடுத்ததைக் கேட்பார். கட்டுரையில் அவர் தரும் ஓர் உதாரணத்தில், இடைவெளியையும் சேர்த்து 129 எழுத்துக்களில் 89 முதல் ஊகத்திலேயே சரியாகச் சொல்லப்பட்டன. ஊகம் பிசகிய இடங்கள் பெரும்பாலும் ஒரு சொல்லின் தொடக்கத்திலேயே இருந்தன; முதல் எழுத்தோ முதல் இரண்டெழுத்தோ தெரிந்துவிட்டால் எஞ்சிய பகுதி கேட்காமலே வந்துவிட்டது.

இதனின்று ஷானன் ஒரு கணக்குக்கு வந்தார். ஆங்கில எழுத்துக்கள் 26-உம் இடைவெளி ஒன்றுமாக 27 குறிகளும் சமமாக வரக்கூடியவை என்றால், ஒரு குறியை அறிந்துகொள்ள, ஆம் அல்லது இல்லை என்று விடைபெறும் கேள்விகள் ஏறத்தாழ ஐந்து தேவைப்படும். ஆனால் முன்னே நூறு எழுத்துக்களைப் படித்துவிட்ட ஒருவனுக்கு, அடுத்த எழுத்தில் எஞ்சியிருக்கும் புதுமை, சராசரியாக அப்படிப்பட்ட ஒரே ஒரு கேள்வியின் அளவுதான். சற்றுக் கூடலாம், குறையலாம். அச்சில் நாம் காண்பவற்றில் முக்கால் பங்கு முன்பே எதிர்பார்க்கத்தக்கது. மொழியைப் பேசும் ஒவ்வொருவனும், தான் ஒருபோதும் எண்ணியறியாத ஒரு பெரிய எண்ணிக்கைக் களஞ்சியத்தை உள்ளத்தில் சுமந்துகொண்டிருக்கிறான் என்பது இதன் கருத்து. மொழியைப் பற்றி இருபதாம் நூற்றாண்டு கண்ட உண்மைகளில் இதற்கு ஈடாகச் சொல்லத்தக்கவை மிகச் சில.

அந்த உண்மையின் ஒளியில் மயங்கி, எண்ணிக்கையே மொழி என்று மனோதத்துவ அறிஞர் சிலர் எண்ணத் தலைப்பட்ட காலத்தில்தான் எதிர்க்கட்சி தோன்றியது. 1956-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் தேதி, மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்ப ஸ்தாபனத்தில் நடந்த ஒரு மாநாட்டில், தர்க்க நிரூபணங்களைத் தானே கண்டுபிடிக்கும் கணிப்பொறித் திட்டத்தைப் பற்றி ஆலன் நியூவெலும் ஹெர்பர்ட் சைமனும் பேசினார்கள். அன்றே, இன்னும் 28 வயது நிறையாத நோம் சாம்ஸ்கி, மொழியை வருணிப்பதற்குரிய மூன்று மாதிரிகளைப் பற்றிப் பேசினார். மனித அறிவைப் பற்றிய புதிய சாஸ்திரம் ஒன்று பிறந்த நாள் அதுதான் என்று, மாநாட்டில் கலந்துகொண்ட மனோதத்துவப் பேராசிரியர் ஜார்ஜ் மில்லர் பிற்காலத்தில் எழுதினார்.

சாம்ஸ்கி ஆங்கிலத்தைக் கொண்டு நிறுவிய வாதத்தை நம் வீட்டுப் பேச்சைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். 'அப்பா, தம்பி, தங்கை நாளை வருவாள் என்று சொன்னான் என்று நினைக்கிறார்' என்ற வாக்கியத்தில், 'வருவாள்' என்ற முற்று தங்கையையும், 'சொன்னான்' தம்பியையும், 'நினைக்கிறார்' எல்லாவற்றுக்கும் முன்னே நிற்கும் அப்பாவையும் நாடிச் சென்று, பாலிலும் மரியாதையிலும் இசைந்து முடிகின்றன. ஒரு வாக்கியம் மற்றொன்றின் வயிற்றுக்குள்ளும், அது இன்னொன்றின் வயிற்றுக்குள்ளும் அடங்கியிருக்கிறது. இவ்வாறு அடக்கிக்கொண்டே போவதற்கு இலக்கணத்தில் எல்லையில்லை; நினைவாற்றலுக்குத்தான் எல்லை உண்டு. வரம்புக்குட்பட்ட நிலைகளைக் கொண்டு, சற்று முன் வந்த சில சொற்களை மட்டும் பார்த்து அடுத்த சொல்லைத் தேர்கின்ற மார்க்கோவ் சங்கிலி, எத்தனை நீளமாயினும், தனக்கெட்டாத தூரத்தில் நிற்கும் எழுவாயை நினைவில் வைத்திருக்க இயலாது. ஆதலால் மொழி சங்கிலியன்று. கிளைவிட்டுப் பிரியும் அமைப்பு. அதை ஆள்பவை விதிகள். 1957-இல் ஹேக் நகரத்திலிருந்து வெளிவந்த அவருடைய சிறு நூல், இக்கருத்தை உலகெங்கும் பரப்பியது.

எண்ணிக்கைக் கட்சியில் நின்றிருந்த மில்லரும் சாம்ஸ்கியோடு சேர்ந்துகொண்டார். இருவரும் 1963-இல் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கு வருகிறது: சங்கிலி முறையில் மொழியைக் கற்பதாயின், குழந்தை 100 கோடி எண் மதிப்புக்களைக் கற்றாகவேண்டும், குழந்தைப் பருவத்துக்கோ உள்ளது 10 கோடி விநாடிதான், விநாடிக்குப் பத்து வீதம் ஓயாமல் யார் கற்பது? எதிராளியின் கொள்கையை அவன் கணிதத்தைக் கொண்டே மடக்கிய இந்த வாதத்துக்குப் பிறகு, நெடுங்காலம், எண்ணிக்கை என்ற பேச்சை எடுப்பதே மொழி நூலாரிடையே அநாகரிகமாகக் கருதப்பட்டது.

விதிக் கட்சிக்குப் பலத்த சாட்சியம் குழந்தைகளிடமிருந்தே வந்தது. 1958-இல் ஜீன் பெர்க்கோ என்ற ஆராய்ச்சி மாணவி, நான்கு முதல் ஏழு வயது வரையிலான குழந்தைகளிடம், பறவை போன்ற சிறு பிராணி ஒன்றின் சித்திரத்தைக் காட்டி, இதன் பெயர் 'வக்' என்று சொல்லி, அடுத்து அதேபோல் இரண்டு பிராணிகளைக் காட்டி, இங்கே இருப்பவை இரண்டு என்று கூறி நிறுத்தினார். குழந்தைகளில் பெரும்பாலோர் தயக்கமின்றி 'வக்ஸ்' என்று, அதுவும் ஈற்றொலி இன்ன சொல்லுக்கு இன்னவாறு ஒலிக்கவேண்டும் என்ற நுட்பம் பிசகாமல், பூர்த்தி செய்தார்கள். இல்லாத வினைச்சொற்களைச் சொல்லி, நேற்று அவன் என்ன செய்தான் என்று கேட்டபோதும் 'எட்' என்ற இறந்தகால விகுதியைச் சேர்த்துச் சொன்னார்கள். யாரும் அதற்கு முன் உச்சரித்தேயிராத சொற்களாதலால், கேட்டதைத் திருப்பிச் சொன்னார்கள் என்று கருத வழியில்லை. அன்றியும், ஆங்கிலக் குழந்தை 'போனான்' என்பதற்குரிய 'வென்ட்' என்ற சரியான வடிவத்தை முதலில் சொல்லிவிட்டு, சில காலத்துக்குப் பின் 'கோட்' என்று தானே ஒன்றைத் தவறாகக் கட்டிச் சொல்லி, பிறகே மீண்டும் 'வென்ட்' என்பதற்குத் திரும்புகிறது. நடுவில் வரும் அந்தத் தவறுதான் அறிஞர்களின் கண்ணைத் திறந்தது: விதியைக் கண்டுபிடித்த குழந்தையே விதியை மிஞ்சிப் பிரயோகிக்க முடியும்.

1986-இல் இந்தச் சாட்சியத்தையே எண்ணிக்கைக் கட்சி தன் பக்கம் இழுத்துக்கொண்டது. டேவிட் ரூமெல்ஹார்ட், ஜேம்ஸ் மக்லெலண்ட் என்ற இருவரும், நரம்பணுக்களின் பின்னலை ஏதோ ஒருவாறு ஒத்த ஒரு வலையமைப்பைக் கணிப்பொறியில் உண்டாக்கினார்கள். ஒரு பக்கம் 460 கணுக்கள், எதிர்ப்பக்கம் 460 கணுக்கள். இந்தப் பக்கத்து ஒவ்வொரு கணுவுக்கும் அந்தப் பக்கத்து ஒவ்வொரு கணுவோடும் தொடர்பு. ஆகத் தொடர்புகள் 2,11,600. வினையின் ஒலியை ஒரு பக்கம் கொடுத்தால், அதன் இறந்தகால வடிவத்தின் ஒலி மறுபக்கம் வரவேண்டும். பிழையாக வந்தால் தொடர்புகளின் வலிமை அணுவளவு திருத்தப்படும். முதலில் அடிக்கடி வழங்கும் 10 வினைகளையும், பிறகு 410 வினைகளையும் கற்பித்தார்கள். தொடக்கத்தில் விலக்கான வடிவங்களைச் சரியாகச் சொன்ன அந்த யந்திரம், புதிய வினைகள் வந்து குவிந்ததும் அந்த விலக்கு வினைகளுக்கும் 'எட்' சேர்த்துப் பிழைபட்டு, பயிற்சி மிக மிகத் தேறியது. குழந்தை செய்த அதே தவறு, அதே வரிசையில். அந்த வலையமைப்பை எங்கே துருவிப் பார்த்தாலும், இறந்தகாலத்துக்கு 'எட்' சேர்க்கவேண்டும் என்ற விதி எழுதப்பட்டிருக்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, விதிக் கட்சியின் பக்கம் நின்ற ஸ்டீவன் பிங்கரும் ஆலன் பிரின்ஸும் எழுதிய மறுப்பு, இத்துறையில் கண்டனம் எப்படி எழுதவேண்டும் என்பதற்கே ஓர் இலக்கணம் என்னலாம். யந்திரம் குழந்தையைப் போல வழுக்கியதற்குக் காரணம், பத்து வினையிலிருந்து 420-க்கு, அதுவும் பெரும்பாலும் விதிப்படி நடக்கும் வினைகளாக, திடீரென்று தாண்டவைத்ததே. எந்தக் குழந்தையின் பேச்சுச் சூழலும் அப்படி ஒரே நாளில் மாறுவதில்லை என்று அவர்கள் காட்டினார்கள். ஒலி ஒன்றாயிருந்தும் இறந்தகாலம் வேறாகும் சொற்களை, ஒலியன்றி வேறொன்றும் அறியாத யந்திரம் பிரித்தறியாது என்றார்கள். எல்லாவற்றினும் பொருத்தமாக, அதன் பிழைகளையே எடுத்துக் கூறினார்கள். அஞ்சல் செய்வதைக் குறிக்கும் 'மெயில்' என்ற வினைக்கு அது 'மெம்பில்ட்' என்று இறந்தகாலம் சொல்லியிருந்தது. குழந்தைகள் எத்தனையோ பிழைகள் செய்வார்கள். இந்தப் பிழையை எந்தக் குழந்தையும் செய்யாது.

இந்த நூறாண்டு விவகாரத்திலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் இங்கேதான் இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். மனத்தைப் பற்றிய கொள்கைகள் சொற்களில் மட்டும் உலவியவரையில் அவற்றுக்குத் தோல்வியே இல்லை. சாமர்த்தியமான வியாக்கியானத்தால் எதையும் காப்பாற்றிவிட முடிந்தது. எண்ணாகவும் விதியாகவும் யந்திரமாகவும் வடித்து முன்னே வைத்தபிறகுதான், ஒரு கொள்கை தன் பிழையை மறைக்க இயலாத நிலைக்கு வந்தது. மார்க்கோவின் சங்கிலி எந்த வாக்கியத்தில் அறுகிறது என்று துல்லியமாகக் காட்ட முடிந்தது, அது சங்கிலியாக வடிக்கப்பட்டிருந்ததனால். ரூமெல்ஹார்ட்டின் வலை எங்கே கிழிகிறது என்று தெரிந்தது, அதை ஓட்டிப் பார்க்க முடிந்ததனால்.

வெற்றி பெற்றதாக எண்ணிய விதிக் கட்சிக்கும் இதே நியாயம் பொருந்தியது. பச்சை நிறக் கருத்துக்கள் உறங்குவதாகச் சொல்லும், பொருளற்றதாயினும் இலக்கண சுத்தமான வாக்கியம் ஒன்றை உதாரணமாகக் காட்டி, அதுவும் அதைத் தலைகீழாக மாற்றிய சொற்கூட்டமும் ஒருவரும் கேட்டறியாதவையாதலால், எண்ணிக்கை முறைக்கு இரண்டும் ஒன்றே என்று சாம்ஸ்கி 1957-இல் எழுதியிருந்தார். 2000-இல் ஃபெர்னாண்டோ பெரேரா என்ற கணிப்பொறி அறிஞர், சொற்களை மறைமுகமான வகுப்புக்களாகத் தானே பிரித்துக்கொள்ளும் எண்ணிக்கை மாதிரி ஒன்றைப் பத்திரிகை உரைநடையில் பயிற்றிப் பார்த்தபோது, முதலாவது மற்றதைவிடச் சுமார் 2,00,000 மடங்கு நிகழத்தக்கது என்று அது மதிப்பிட்டது. அதற்கு முன்பே, 1990-இல், ஜெஃப்ரி எல்மன் என்ற ஆராய்ச்சியாளர் 29 சொற்களே கொண்ட ஒரு சிறு மொழியில் 10,000 குறு வாக்கியங்களை அமைத்து, அடுத்த சொல்லை ஊகிக்கும் வேலையை மட்டும் ஒரு வலையமைப்புக்குக் கொடுத்திருந்தார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அது பெயரை வினையினின்றும், உயிருள்ளதை உயிரற்றதினின்றும் உள்ளுக்குள் பிரித்து வைத்துக்கொண்டது. எண்ணிக்கையும் அமைப்பும் ஒன்றுக்கொன்று ஜன்ம விரோதிகள் என்ற நம்பிக்கை இவற்றால் தளர்ந்தது.

இன்று உலகம் வியக்கும் பெரிய மொழி மாதிரிகள் இந்த வம்சத்தில் வந்தவையே. ஷானன் தம் மனைவிக்குக் கொடுத்த அதே ஊகவேலையைத்தான் அவையும் செய்கின்றன. 2020-இல் வெளிவந்த ஜிபிடி-3 என்ற மாதிரியில் எண் மதிப்புக்கள் 17,500 கோடி. அது பயின்றது சுமார் 30,000 கோடி சொற்கூறுகளில். 100 கோடியையே நடவாத காரியம் என்று 1963-இல் ஒதுக்கியவர்களின் கணக்கு, யந்திரத்தின் மட்டில் பொய்த்துவிட்டது. குழந்தையின் மட்டில் அது இன்னும் பொய்க்கவில்லை. ஒரு குழந்தை பதின்மூன்று வயதுக்குள் கேட்கும் சொற்கள் ஏறத்தாழ 10 கோடிக்குள் அடங்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அந்தச் சிறு செல்வத்தைக் கொண்டே குழந்தை மொழியை வசப்படுத்திக்கொள்கிறது; அதிலும் மிகக் குறைந்ததைக் கொண்டே, சிறு வயதிலேயே, எழுவாயோடு முற்றை இசைத்துப் பேசத் தொடங்குகிறது. இதை உணர்ந்த ஆராய்ச்சியாளர் சிலர், 10 கோடிச் சொற்களுக்கு மேல் கொடுக்காமல் யந்திரத்தைப் பயிற்ற வேண்டும் என்ற போட்டியையே 2023 முதல் நடத்தி வருகிறார்கள். நடப்பிலுள்ள முயற்சிகளில் மனத்தைப் பற்றி நமக்கு அதிகம் கற்பிக்கக்கூடியது இந்த எளிய பந்தயம்தான் என்று நான் நம்புகிறேன்.

இன்னொரு குறையையும் இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். மனித மனத்தில் விதி உண்டா இல்லையா என்ற பெரிய வழக்கின் பெரும்பகுதி, ஆங்கிலத்தின் ஒரே ஒரு விகுதியை வைத்து வாதிக்கப்பட்டது. அம்மொழியில் பெரும்பான்மை வினைகள் ஒரே வழியில் செல்ல, சிறுபான்மை மட்டும் விலகி நிற்பதால், விதியும் விலக்கும் இரு கூறாகத் தோன்றின. தமிழிலோ த், ட், ற், இன் என்று இறந்தகால இடைநிலைகளே பல. நடந்தான், உண்டான், கற்றான், ஓடினான் என்பவற்றுள் ஒன்றை மட்டும் விதியென்றும் மற்றவற்றை விலக்கென்றும் கூற முடியாது. இப்படிப்பட்ட மொழிகளைப் பேசப் பழகும் குழந்தைகள் எந்த வயதில் எந்தப் பிழையைச் செய்கிறார்கள் என்பதைப் பொறுமையோடு கேட்டுக் குறித்துவைப்பது, மொழியறிஞர்களுக்கும் பெற்றோர்களுக்கும் எட்டாத காரியமன்று. யந்திரம் எவ்வளவு சரளமாகப் பேசுகிறது என்று வியப்பதைவிட, அது தவறும் இடமும் நம் குழந்தை தவறும் இடமும் ஒன்றுதானா என்று கேட்பதே இனிச் செய்யத்தக்க ஆராய்ச்சி. அக்கேள்விக்கு ஆங்கிலத்திலிருந்து மட்டும் விடை தேடினால், மனித மனத்தைப் பற்றி நாம் பெறும் அறிவு ஒரு மொழியின் அளவோடு நின்றுவிடும்.